நாற்றத்தைத் திருப்பிக் கேட்ட செபம்

எனக்கு அருவருப்பு அதிகம். ஒன்றாகச் செபிக்கிற என் உறவுகளே, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் கழுவின தண்ணீர், மூடிவைத்து மறந்த சாப்பாட்டுப் பெட்டி, மழை நாளில் மெத்ரோவில் முன்னால் நிற்பவரின் ஈரக் கோட்டு, எதுவானாலும் எனக்குக் குடலைப் பிரட்டும். பிறவிக் குணம். இந்த மூக்கை வைத்துக்கொண்டு என்னால் வாழ முடியாது என்று ஒரு காலத்தில் ஆண்டவரிடம் கெஞ்சினேன். மணம் தெரியாமல் பண்ணிவிடும் என்று கேட்டேன். பண்ணினார். பிறகு அதே ஆண்டவரிடம் அதைத் திருப்பித் தரும்படி கதறினேன். தந்தார். அதுதான் என் சாட்சி.

இங்கே பிரெஞ்சு மண்ணில், மார்க்ஸ் டோர்மோயில் நாங்கள் கூடுகிற செபக்கூட்டத்தின் மலருக்கு எழுதித் தரும்படி கேட்டவர் மதாம் பிலோமின். புதுச்சேரிக்காரர், இங்கே அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுசி. நான் சொன்னதைப் பாதி கேட்கும்போதே முகம் மாறிவிட்டது.

"மே நோன்மா, இல்லம்மா, இந்தச் சீழு புழு எல்லாம் வேணாம். அதிசயத்த மட்டும் அழகா எழுதுங்க. பூசை முடிஞ்சு சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க இருக்காங்க இல்ல?"

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் பேனையை எடுத்தால் கோபம்தான் வந்தது. சீழைக் கழுவிவிட்டால் என் அதிசயத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை. ஆகையால் உள்ளபடி எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டு இருப்பவர்கள் தட்டைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்த காலம் அது. நான் தாதிப் படிப்பில் பாதிதான் படித்திருந்தேன். மீதியைப் படிக்கச் சண்டை விடவில்லை. ஆஸ்பத்திரி ஊர் ஊராக இடம் மாறி, எங்கள் பகுதிக்கு வந்தபோது ஒரு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்திருந்தது. பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளைச் சேர்த்துப் போட்டால் கட்டில். ஆசிரியரின் மேசையில் அறுவைச் சிகிச்சை. கரும்பலகையில் யாரோ எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு அப்படியே இருந்தது. கொஞ்சமாவது வேலை தெரிந்தவர்கள் வந்து உதவட்டும் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். போனேன்.

அங்கே வந்து விழுந்த காயக்காரர் பெரும்பாலும் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள். தண்ணீர் அள்ளப் போனவர்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருந்தவர்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு வருவது ரஞ்சன் அண்ணையின் உழவு மிசின், டிராக்டர். அந்தப் பக்கத்தில் டீசலோடு ஓடிய மிசின் அது ஒன்றுதான். அவர் ஓட்ட, அவருடைய மனைவி தவமலர் அக்கா பின்பெட்டியில் குந்தியிருந்து காயக்காரரின் தலைகளை மடியில் பிடித்துக்கொண்டு வருவா. ஷெல் விழுந்த இடத்துக்குப் புகை அடங்குமுன் போய்விடுவார்கள். அவர்கள் போகாத இடத்தில் கிடந்தவர்கள் அங்கேயே கிடந்து செத்தார்கள்.

பள்ளிக்கூடக் கூரையில் வெள்ளைத் துணி விரித்துச் சிவப்புச் சிலுவை போட்டிருந்தோம். மேலே இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஆஸ்பத்திரி என்று தெரியட்டும் என்று. தெரிந்தது. அதற்குப் பிறகு ஷெல் இன்னும் கிட்ட விழுந்தது. கிணற்றடியில் விழுந்தது. பிள்ளைப்பேற்றுக்கு ஒதுக்கிய வகுப்பறையின் மேல் விழுந்தது. கடைசியில் காயக்காரர்களே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்கள். "ஐயா, உந்தத் துணியை எடுத்துவிடுங்கோ. உது எங்களைக் காட்டிக் குடுக்குது." சிலுவையைக் கண்டு சனம் ஓடி ஒளிகிற நிலைக்குக் கொண்டுவந்து விட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. சனத்தை நகர விடாமல் தங்களுக்கு வேலியாக வைத்திருந்தவர்கள் மீதும் அதே அருவருப்புத்தான். நான் யாருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. டொக்டர் துணியை இறக்கச் சொன்னார். அதையும் கிழித்துப் புண்களுக்குக் கட்டினோம்.

மருந்து வரும், கப்பலில் வரும் என்று காத்திருந்தோம். வந்த பெட்டிகளைத் திறந்தால் வெறும் மாத்திரைகள், சத்துக் குளிசை, தலையிடிக் குளிசை. மயக்க மருந்து இல்லை. அழுகலை நிறுத்துகிற மருந்து இல்லை. கால் போனவனுக்குத் தலையிடிக் குளிசை போதும் என்று எங்கேயோ ஒரு குளிரூட்டிய அறையில் இருந்து முடிவு எடுத்தவர், அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பார். சீ.

நான் போன முதல் நாளே சத்தி எடுத்தேன், குடல் வெளியே வரும்படி வாந்தி. இரத்த வாடை, மூத்திர வாடை, வேகாத இறைச்சி போல ஒரு வாடை. குனிந்து ஒரு புண்ணின் கட்டைத் தொட முடியவில்லை. டொக்டர் என்னைத் துரத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டார்.

"ஜெசிந்தா, எந்த ஆளுக்குக் கிட்டப் போகேக்கை உமக்குக் கூடச் சத்தி வந்தது?"

மூலையில் கிடந்த ஒரு பெரியவரைக் காட்டினேன். கட்டை அவிழ்த்தார்கள். மேலுக்குச் சுகமாகத் தெரிந்த புண்ணுக்கு அடியில் அழுகல் பிடிக்கத் தொடங்கியிருந்தது. டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இனிக் காலமை காலமை நீர் ஒரு சுற்று வாரும்" என்றார்.

அப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எங்களிடம் கட்டுவதற்குத் துணி இல்லை. பெண்கள் தங்கள் கூறைச் சேலைகளையே கொண்டுவந்து தந்தார்கள். கிழித்து, அவித்து, வெயிலில் போட்டு, திரும்பத் திரும்பக் கட்டினோம். ஒரு கட்டை அவிழ்த்தால் மாற்றுத் துணி வேண்டும், கொதித்த தண்ணீர் வேண்டும், ஓர் ஆள் வேண்டும். எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் அவிழ்க்க வழியில்லை. எதை அவிழ்ப்பது என்று என் மூக்குத்தான் சொல்லும். ஒவ்வொருவரிடமும் குனிந்து கட்டை மணந்து பார்ப்பேன். ஆறுகிற புண்ணுக்கு ஒரு வாடை, சீழுக்கு இன்னொன்று. உள்ளே சதை செத்து அழுகும் புண்ணின் வாடையில் ஓர் இனிப்பு இருக்கும், ஈ மொய்த்த பலாப்பழம் போல. அது வந்தால் கையை உயர்த்துவேன். பிறகு வெளியே ஓடிப்போய்ச் சத்தி எடுப்பேன்.

காயக்காரர் எனக்கு "மூக்கு அக்கா" என்று பெயர் வைத்தார்கள். முதலில் சிரிப்புக்குத்தான். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மூக்கு அக்கா எங்கே நிற்கிறாவோ அங்கே டொக்டர் அறுக்கிற வாளோடு வருவார் என்று சனம் கதைக்கத் தொடங்கியது. நான் வருவதைக் கண்டால் சிலர் கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆழக் குழியாக ஒரு கிடங்கு வெட்டியிருந்தோம். வெட்டி எடுத்த கை கால்கள் அங்கேதான் போகும். மண் போட்டு மூட ஆள் இல்லாத நாட்களும் உண்டு. தண்ணீர் எடுக்க அந்த வழியால்தான் போக வேண்டும். சட்டையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். அப்படி ஓடும்போதுதான் முதல் செபத்தைச் செபித்தேன். செபமாலை இல்லை, முழந்தாள் இல்லை. "ஆண்டவரே, என்ரை மூக்கை அடைச்சுவிடும். எனக்கு ஏலாது."

கொஞ்ச நாளில் ஒரு ஷெல் எங்கள் மருந்து அறையின் மேல் விழுந்தது. என்னவோ எல்லாம் சேர்ந்து எரிந்தது. அந்தப் புகைக்குள் போய் எடுக்கக் கூடியதை எடுத்தோம். இருமி இருமித் தொண்டை கிழிந்தது. அது ஆறிய பிறகு பார்த்தால் எனக்கு மணம் இல்லை. இரத்தம் மணக்கவில்லை. மூத்திரம் மணக்கவில்லை. கிடங்கடியால் நடந்து போனேன், நிமிர்ந்துகொண்டு. அன்று கஞ்சி முழுவதையும் குடித்தேன். பக்கத்தில் பாயால் மூடின ஒரு பிரேதம் கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே இருந்து குடித்துவிட்டுக் கோப்பையை வழித்தேன். செபம் கேட்கப்பட்டது என்று ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னேன்.

டொக்டரிடம் உடனே சொன்னேன். அவர் வாங்கில் இருந்துவிட்டார். "ஐயோ, எங்கடை எக்ஸ்றே மிசினும் போச்சு" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். முகத்தில் பகிடி இல்லை.

அதற்குப் பிறகு கண்ணால் பார்த்துத்தான் கட்டுகளைத் தெரிந்தெடுத்தோம். ஓர் அம்மா, தோளில் காயம். கட்டு வெள்ளையாக, வடிவாக இருந்தது. என்னோடு கதைத்தா, தன் மகளின் கலியாணத்தைப் பற்றி. பின்னேரம் செத்துப்போனா. கட்டை அவிழ்த்தார்கள். சுற்றி நின்ற எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். நான் மட்டும் குனிந்தபடி நின்றேன்.

எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. நாற்றம் போனதோடு வேறு எதுவோவும் போய்விட்டது. வயிறு பிரட்டாதபோது எதைப் பார்த்தாலும், சரி, இப்படித்தான் என்று இருந்தது. பிள்ளைப்பேற்று அறைக்கு ஷெல் அடிப்பதும் சரி, தலையிடிக் குளிசை அனுப்புவதும் சரி, இந்த அம்மாவும் சரி. பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்து கோப்பை வழித்தவளுக்கு எதுதான் சரியில்லை? என்னை இப்படி ஆக்கிவிட்டார்களே என்று என்மீதே எனக்கு அருவருத்தது. அந்த அருவருப்புக்கூடத் தலையில்தான் இருந்தது, வயிற்றுக்கு வரவில்லை.

கிடங்கடிக்குப் போனேன். இந்த முறை மூக்கைப் பொத்தவில்லை. விளிம்பில் நின்று, உள்ளே கிடந்தவற்றைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சு நோக நோக மூச்சை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, இந்த நாத்தத்தைத் திருப்பித் தாரும். நான் கேட்டது பிழை. எனக்குச் சத்தி வரோணும். ஒவ்வொரு நாளும் வரட்டும். திருப்பித் தாரும்." கத்தித்தான் கேட்டேன். கேட்டவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்த நாள் காலை ரஞ்சன் அண்ணையின் மிசின் வந்து நின்றது. பின்பெட்டியில் காயக்காரர். அவருக்கும் கெண்டைக்காலில் ஒரு சின்னக் காயம் இருந்தது. நான் வந்த முதல் வாரத்தில் ஷெல் சிதறிப் பட்ட சன்னத் துண்டு. தவமலர் அக்காவின் கூறைச் சேலையில் கிழித்த துணியால்தான் கட்டியிருந்தோம். ஆறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மிசின் ஓட்டுகிற சீற்றை விட்டு இறங்கவே மாட்டார், உள்ளே வந்தால் வேலை மினக்கெடும் என்பார்.

நான் காயக்காரரை இறக்கக் கிட்டப் போனேன். ஒரு மணம் வந்தது.

உறவுகளே, எனக்கு மூக்கு வேலை செய்கிறது என்றுகூட முதலில் விளங்கவில்லை. வந்தது ஓடிக்கொலோன் மணம். எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரருக்கும் நெற்றியில் பூசுவார்கள்தான். ஆனால் ஓடிக்கொலோன் என்றால் எங்களுக்குச் செத்தவீடு. பிரேதத்தைக் குளிப்பாட்டி உடுத்தி, மேலே அதைத்தான் தெளிப்பார்கள். வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"அண்ணை, ஆர் செத்தது?"

அவர் சிரித்தார். "இஞ்சை ஆர் பிள்ளை சாகேல்லை?"

அந்தச் சிரிப்போடு காலைச் சற்று அசைத்தார். ஓடிக்கொலோனுக்கு அடியில் டீசல் வந்தது. டீசலுக்கு அடியில் அந்த இனிப்பு வந்தது. பலாப்பழம்.

தவமலர் அக்கா பெட்டியில் இருந்து குதித்து எங்களுக்கு நடுவில் வந்து நின்றா. தகப்பனின் செத்தவீட்டில் மிஞ்சிய சின்னப் போத்தலை இத்தனை இடப்பெயர்விலும் கொண்டு திரிந்திருக்கிறா. கணவரின் கால் மணக்கத் தொடங்கியதும் கட்டின் மேல் அதை ஊற்றியிருக்கிறா. மூக்கு அக்காவுக்குப் பிடிபடக் கூடாது என்று. என் மூக்குப் போன கதை அவவுக்குத் தெரியாது.

"ஜெசி, கையை உயர்த்தாதை. உன்னைக் கும்பிடுறன். இவரின்ரை காலை வெட்டினால் மிசினை ஆர் ஓட்டுறது? அங்கை கிடக்கிறதுகள் கிடந்து சாகட்டோ?"

ரஞ்சன் அண்ணையும் சொன்னார். "அவிழ்க்காதை பிள்ளை. இன்னும் ஒரு நடை கிடக்கு. போயிட்டு வந்து பாப்பம்."

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு மனுசனின் காலையும் ஊரில் கிடக்கிற காயக்காரரையும் எதிரெதிரே வைத்து ஒன்றைத் தெரிந்தெடு என்று எங்களிடம் விட்டிருக்கிறார்களே, எவ்வளவு கேவலம். அந்தக் கேவலமும் அந்த வாடையும் சேர்ந்து வயிற்றில் இருந்து எழும்பியது. பிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அக்காவை விலக்கி மிசின் படியில் ஏறின நிலையிலேயே, ரஞ்சன் அண்ணையின் காலின் மேல், தவமலர் அக்காவின் கூறைச் சேலைக் கட்டின் மேல், சத்தி எடுத்தேன்.

டொக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை உயர்த்தவில்லை. தேவைப்படவும் இல்லை. அவர் ஓடிவந்தார்.

புகைக்குள் இருந்து எடுத்ததில் மிஞ்சியிருந்த கொஞ்ச மயக்க மருந்தோடு முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். ரஞ்சன் அண்ணை போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அந்த ஒன்றை மதாம் பிலோமினுக்காக விட்டுவிடுகிறேன். இன்னும் ஒரு பகல் போயிருந்தால் காலோடு ஆளும் போயிருப்பார் என்று டொக்டர் சொன்னார். மிசின் நிற்கவில்லை. தவமலர் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சீற்றில் ஏறினா. வயலில் உழவுக்கு ஓட்டிப் பழகினவதான், ஷெல் விழுகிற தெருவில் ஓட்டினதில்லை. அடுத்த நடைக்கு அவ போனா, அதற்கு அடுத்ததற்கும் போனா, பெட்டியில் தலை பிடிக்க ஆளில்லாமல்.

நான் வெளியே கிணற்றுக் கட்டில் சாய்ந்துகொண்டு திரும்பவும் சத்தி எடுத்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லை, கைப்புத் தண்ணீர்தான். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் தோத்திரம் சொன்னேன். கோவிலில் தேவ நன்மை அப்பம் வாங்கின நாட்களில்கூட அவ்வளவு உண்மையாக நான் நன்றி சொன்னதில்லை. அன்று பின்னேரமே ஒரு சுற்றுப் போனேன். கை மூன்று நாலு தரம் உயர்ந்தது. சனம் பயந்தது. நானும் பயந்தேன். ஆனால் எனக்கு வயிறு திரும்பி வந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களில் பலருக்குத் தெரியும். நீங்களும் அந்த வழியால் வந்தவர்கள்தான். முகாம், கடல், ஆகாயம், கடைசியில் இங்கே தங்குவதற்கான பத்திரம், பப்பியே. இப்போது ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை. அங்கே என்னோடு வேலை செய்பவர்கள் காலையில் மாஸ்க்குக்குள் புதினாத் தைலம் பூசிக்கொள்வார்கள், ஒன்றும் மணக்காமல் இருக்க. எனக்கும் நீட்டுவார்கள். நான் வாங்குவதில்லை. பைத்தியம் என்கிறார்கள். என் முகம் சுளிப்பதைக் கண்டு அந்த முதியவர்களுக்கு மனம் நோகக் கூடாது என்று முகத்தைத் திருப்பிச் சுளித்துவிட்டு, திரும்பவும் குனிவேன். அதுதான் என் செபம் இப்போது.

ரஞ்சன் அண்ணை ரூ பெர்தொனே தெருவில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறார். பொய்க்காலில் எங்களைவிட வேகமாக நடக்கிறார். என்னைக் கண்டால் காலைத் தூக்கிக் காட்டுவார். "மூக்கு அக்கா, மணந்து பாரும். பிளாஸ்ரிக் அழுகுதோ?" தவமலர் அக்கா அடிக்கக் கை ஓங்குவா. அவர்கள் வீட்டில் ஓடிக்கொலோன் வாங்குவதே இல்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, பூசைக்குப் பிறகு எல்லாரும் ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். அவர்களின் மகள் மெலினாவும் வந்திருந்தாள். இங்கே பிறந்தவள், தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். சுவரில் தொலைக்காட்சி. செய்தியில் வேறு ஏதோ ஒரு நாட்டில் ஓர் ஆஸ்பத்திரி. கூரை இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓட ஓட அவரின் சட்டை சிவந்தது.

பக்கத்து மேசைக்காரர் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார். "தம்பி, உதை மாத்தும். சாப்பிடேக்கை உது என்னத்துக்கு? உது எல்லா நாளும் நடக்கிறதுதானே." கடைக்காரர் மாற்றினார். பாட்டு வந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். எங்கள் சனம், பங்கருக்குள் கிடந்து வந்த சனம். எனக்குப் பலாப்பழ வாடை வந்தது. தொலைக்காட்சியில் மணம் வராது என்று எனக்கும் தெரியும். வந்தது.

மெலினா தட்டைத் தள்ளி வைத்தாள். "செ தெகெலாஸ்" என்றாள். கேவலம், குமட்டுகிறது என்று அர்த்தம். தாய் அதட்டினா, சாப்பாட்டு மேசையில் அப்படிக் கதைக்கக் கூடாது என்று. அக்கா, அவளை அதட்டாதையுங்கோ என்றேன். ரஞ்சன் அண்ணை எழும்பிப் போய்க் கடைக்காரரிடம் அமைதியாகச் சொன்னார். "அண்ணை, திருப்பிப் போடுங்கோ. பாப்பம்."

உறவுகளே, மதாம் பிலோமின், உங்களிடம் நான் கேட்பது இதுதான். நோய் இருந்தால் சுகம் கேளுங்கள். தனிமையாக இருந்தால் துணை கேளுங்கள். எதைக் கேட்டாலும் அவர் காது கொடுப்பார் என்று நான் கண்டிருக்கிறேன், நான் கேட்ட பிழையான செபத்துக்குக்கூடக் காது கொடுத்தார். ஆனால் அருவருப்பை எடுத்துவிடும்படி மட்டும் கேளாதீர்கள். அது எப்போதோ போய்விட்டது, இதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே பார்க்க முடிகிறது என்று கண்டால், இருக்கிற இடத்தில் முழந்தாளிட்டு அதைத் திருப்பிக் கேளுங்கள். தருவார். கிடங்கின் விளிம்பில் நின்று கேட்டவளுக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார்.

மெலினா அன்று சாப்பாட்டை முடிக்கவில்லை. தகப்பன் பிழைத்ததால் பிறந்த பிள்ளை. மேசையில் ஆறிக்கிடந்த அவளுடைய தட்டைப் பார்த்து நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.